வைஃபைக்கு முந்தைய கள ஆய்வு: அடுகோடியை முன்வைத்து

ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ கம்பியில்லா வலையமைப்பை நிறுவும் முன், ஆக்சஸ் பாயின்ட்டுகளை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்தச் சானலில் எவ்வளவு திறனுடன் இயக்குவது என்பதை அளந்து முடிவுசெய்யும் பணியே கள ஆய்வு. துறையில் இருப்போர் இதை ‘சைட் சர்வே’ என்பார்கள். இந்த ஆய்வு விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு. சிக்னல் எல்லா இடத்தையும் எட்டுமா என்பது முதலாவது. எட்டிய இடத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே வேளையில் இயங்கும்போது அவற்றுக்குப் போதிய அலைநேரம், அதாவது சானலில் தரவு அனுப்புவதற்கான நேரம், கிடைக்குமா என்பது இரண்டாவது. முதல் கேள்வியோடு ஆய்வை முடித்துக்கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை. மக்கள் நெருங்கி வாழும் நகரப் பகுதிகளில் வலையமைப்பின் தரத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வியே.

அடுகோடி என்னும் களம்

பெங்களூருவில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள அடுகோடி, இந்த ஆய்வின் எல்லாச் சிக்கல்களையும் நடந்து கடக்கும் தூரத்துக்குள் கொண்ட பகுதி. 1951இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைகோ, இங்கே பெரும் ஆலையாக வளர்ந்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாறியது. உற்பத்தி பிடதிக்கு நகர, அடுகோடி இடம் தொழில்நுட்ப அலுவலகங்களுக்கானதாக உருமாறியது. 76 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் 2022 ஜூன் 30 அன்று ‘ஸ்பார்க் நெக்ஸ்ட்’ என்ற பெயரில் புதிய வளாகமாகத் திறந்துவைக்கப்பட்டது. அருகிலேயே கிறைஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சுற்றி மாணவர்களும் இளம் ஊழியர்களும் தங்கும் பிஜி விடுதிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஓசூர் சாலையில் சற்றுத் தள்ளிப் போனால் நிம்ஹான்ஸ், கித்வாய் மருத்துவமனைகள். கிழக்கே கோரமங்கலாவின் கடைவளாகங்கள்.

ஆலைக் கொட்டகை, கண்ணாடி அலுவலகம், வகுப்பறை, மருத்துவமனை, சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு ஆகியவற்றில் ரேடியோ அலை நடந்துகொள்ளும் விதம் வெவ்வேறு. ஓர் இடத்தில் சரியாக வேலை செய்த வடிவமைப்பை அடுத்த தெருவிலுள்ள கட்டடத்துக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. ஒவ்வொரு கட்டடத்தையும் தனியே அளக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அளவையின் அடிப்படை

சிக்னலின் வலு டிபிஎம் என்ற அலகில் சொல்லப்படுகிறது. 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகும். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்றாகும். பெறும் கருவியில் சிக்னல் −67 டிபிஎம், சூழலின் இரைச்சல் −92 டிபிஎம் என்றால், இரண்டுக்குமான இடைவெளி 25 டெசிபல். குரல், காணொளி அழைப்புகள் தடையின்றி நடக்க இந்த அளவையே வடிவமைப்பாளர்கள் பொதுவான இலக்காகக் கொள்கிறார்கள்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். முதல் மீட்டரிலேயே 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 40 டெசிபலும், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 47 டெசிபலும் இழப்பாகும். 20 டிபிஎம் திறனுடன் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆக்சஸ் பாயின்ட்டை எடுத்துக்கொண்டால், 1 மீட்டரில் −27 டிபிஎம் இருக்கும் சிக்னல் 16 மீட்டரில் −51 டிபிஎம் ஆகும். இடையில் 12 டெசிபல் உறிஞ்சும் சுவர் ஒன்று இருந்தால் −63. இரண்டு இருந்தால் −75. ஒரு சுவர் வரை நன்றாக இயங்கும் இணைப்பு, இரண்டாவது சுவரைத் தாண்டியதும் இலக்குக்குக் கீழே போய்விடுகிறது.

சுவரின் பொருள் எது என்பது இதனால் முதன்மை பெறுகிறது. ஜிப்சம் பலகைத் தடுப்பு 3 டெசிபல் அளவுக்கே உறிஞ்சும். சாதாரணக் கண்ணாடியும் ஏறத்தாழ அப்படியே. பெங்களூருவில் பரவலாகக் கட்டப்படும் திட கான்கிரீட் பிளாக் சுவர் 10 முதல் 15 டெசிபல் வரை எடுத்துக்கொள்ளலாம். பழைய கட்டடங்களின் கருங்கல் சுவர்கள் அதைவிடக் கடுமையானவை. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடி பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் ரேடியோ அலையைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். லிஃப்ட் கூண்டு, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை நிழல் விழும் இடங்களை உண்டாக்கும். மனித உடலும் பெரும்பகுதி நீர் என்பதால், காலியான அரங்கில் எடுத்த அளவு நிரம்பிய அரங்குக்குப் பொருந்தாது.

சட்டம் வகுத்த எல்லை

எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனுடன் ஒலிபரப்பலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை 2005 ஜனவரி அறிவிக்கையால் உரிமம் தேவையற்றதானது. அதில் ஒலிபரப்பியின் திறன் 1 வாட்டுக்கும், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்த கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்கும் மிகக் கூடாது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தொடக்கத்தில் கட்டடத்துக்கு உள்ளே பயன்படுத்த மட்டுமே இடம் இருந்தது. 2018 அக்டோபரில் 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் விடுவிக்கப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியான 5925–6425 மெகாஹெர்ட்ஸுக்கு 2025 மே மாதத்தில் வரைவு விதிகள் வெளியாயின. கட்டடத்துக்குள் குறைந்த திறனிலும், வெளியே மிகக் குறைந்த திறனிலும் பயன்படுத்த அவை வழிசெய்தன.

கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வழங்கும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் பயன்படுத்தும் மென்பொருளிலும் ஆக்சஸ் பாயின்ட்டிலும் நாடு ‘இந்தியா’ என்றே அமைந்திருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வேறு நாட்டின் அமைப்பில் எடுத்த அளவு, இங்கே இயக்கக் கூடாத சானல்களையும் திறனையும் கணக்கில் சேர்த்துவிடும்.

முதற்கட்டம்: தேவையைக் கேட்டறிதல்

கருவியைக் கையில் எடுக்கும் முன் கேள்விகள் வேண்டும். ஒரு தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் எத்தனை கருவிகள், அவற்றில் நடப்பது மின்னஞ்சலா, காணொளிக் கூட்டமா, பார்கோடு ஸ்கேனரா, இணையவழித் தேர்வா? எந்த நேரத்தில் நெருக்கடி உச்சத்தை எட்டும்? இன்னும் மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கை எவ்வளவு உயரும்?

புழக்கத்திலுள்ள கருவிகளில் எது மிகவும் பலவீனமானது என்ற கேள்வியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஆக்சஸ் பாயின்ட் 20 டிபிஎம்மில் பேசும்போது, கைபேசி 14 டிபிஎம் அளவில்தான் திருப்பிப் பேசக்கூடும். மேலே சொன்ன கணக்கில் ஒரு சுவருக்கு அப்பால் கைபேசி −63 டிபிஎம்மில் கேட்கிறது. ஆனால் அதன் குரல் ஆக்சஸ் பாயின்ட்டை −69 டிபிஎம்மில்தான் எட்டும். திரையில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்க, அழைப்பு மட்டும் துண்டிக்கப்படுவதற்கு இந்தச் சமனின்மை ஒரு காரணம். ஆக்சஸ் பாயின்ட்டின் திறனைக் கூட்டினால் இது தீராது. கருவியின் திறனுக்கு ஏற்ப அதைக் குறைத்து, ஆக்சஸ் பாயின்ட்டுகளை நெருக்கமாக வைப்பதே தீர்வு.

இரண்டாம் கட்டம்: வரைபடமும் நேர்நடையும்

அளவுகோலுடன் கூடிய தள வரைபடம் இல்லாமல் ஆய்வு நடக்காது. ஆனால் வரைபடம் கட்டிய நாளின் நிலையைத்தான் காட்டும். பிறகு எழுப்பிய தடுப்புகள், மூடிய ஜன்னல்கள், மொட்டை மாடியில் சேர்த்த அறைகள் ஆகியவை நேரில் நடந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு தூரங்களையாவது டேப் பிடித்து அளந்து வரைபடத்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். அளவில் பிழை இருந்தால் பின்னால் வரும் கணக்கெல்லாம் பிழையாகும்.

சுவரின் உறிஞ்சும் தன்மையை அட்டவணையிலிருந்து எடுப்பதைவிட அளந்து அறிவது நல்லது. சுவருக்கு முன்னால் ஆக்சஸ் பாயின்ட்டைச் சில மீட்டர் தள்ளி நிறுத்தி, சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளவெடுத்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு வகைச் சுவருக்கும் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

அளந்த மதிப்புகளை எக்கஹாவ் போன்ற மென்பொருளில் கொடுத்து, கணினியில் ஆக்சஸ் பாயின்ட்டுகளை வைத்துப் பார்ப்பது முன்கணிப்பு ஆய்வு. இன்னும் கட்டி முடியாத கட்டடத்துக்கு இது ஒன்றே வழி. எழுந்து நிற்கும் கட்டடத்துக்கு இது முதல் வரைவு மட்டுமே. இதையே இறுதி அறிக்கையாகக் கொடுப்பது ஆய்வைச் செய்யாமல் விடுவதற்குச் சமம்.

மூன்றாம் கட்டம்: சூழலைக் கேட்டல்

அடுகோடி போன்ற இடத்தில் ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு இங்கேதான் தேவை. எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடும் இணையாமல், ஒவ்வொரு சானலிலும் காதில் விழுவதை எல்லாம் பதிவு செய்தபடி நடப்பது செயலற்ற ஆய்வு. 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 20க்கும் மேற்பட்ட சானல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 0.15 வினாடி நின்று கேட்டால் ஒரு சுற்றுக்கு 3, 4 வினாடிகள் ஆகும். அதற்குள் சாதாரண நடையில் 4 மீட்டர் கடந்துவிடும். ஆகவே நடை மெதுவாக இருக்க வேண்டும். அறைகளுக்கு உள்ளே போக வேண்டும். நடைபாதையோடு திரும்பிவிடக் கூடாது.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. பிஜி விடுதிகள் நெருங்கிய தெருவில் ஒரே சானலில் பல ரவுட்டர்கள் கேட்பது இயல்பு. ஒரு சானலைப் பகிர்வோர் ஒரு நேரத்தில் ஒருவராகத்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்கும் அந்த நேரம் வீணாவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் தரவே அனுப்பாத ரவுட்டரும் காற்றை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வலையமைப்புப் பெயரும் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை ‘பீக்கன்’ என்னும் அறிவிப்பை அனுப்புகிறது. 300 பைட் அளவுள்ள பீக்கன், 2.4 கிகாஹெர்ட்ஸின் மிகக் குறைந்த வேகமான வினாடிக்கு 1 மெகாபிட்டில் போனால் சுமார் 2.6 மில்லிவினாடி எடுக்கும். அது மொத்த அலைநேரத்தில் 2.5 விழுக்காடு. ஒரே சானலில் நான்கு ஆக்சஸ் பாயின்ட்டுகள் கேட்க, ஒவ்வொன்றும் ஊழியர், விருந்தினர், கேமரா, பிரின்டர், நிர்வாகம் என ஐந்து பெயர்களை அறிவித்தால், இருபது பீக்கன்கள் பாதி அலைநேரத்தை விழுங்கிவிடும். ஒருவரும் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்காத நிலையில் நேரும் இழப்பு இது. குறைந்தபட்ச வேகத்தை வினாடிக்கு 6 மெகாபிட் என உயர்த்தினால் ஒரு பீக்கனின் பங்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். பெயர்களை இரண்டு, மூன்றாகக் குறைத்தால் மேலும் இறங்கும்.

அண்டை வீட்டாரின் அமைப்பை ஆய்வாளர் மாற்ற முடியாது. அவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய அலைநேரம் எவ்வளவு என்பதை அளந்து, அதற்குள் வடிவமைக்க முடியும். முக்கியப் பயன்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும், அங்கே 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலுக்கு ஆசைப்படாமல் 20 அல்லது 40க்குள் நிற்பதும் இந்த அளவீட்டிலிருந்து வரும் முடிவுகள். அகலம் கூடக் கூட, மறுபடி பயன்படுத்தக் கிடைக்கும் சானல்கள் குறையும்.

வைஃபை அல்லாத ஒலிபரப்பிகளைச் சாதாரண வைஃபை அட்டை பெயரிட்டுக் காட்டாது. அதற்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகே, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாளத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு இரையும். புளூடூத் வினாடிக்கு 1600 முறை வரை சானல் தாவும். கம்பியில்லாக் கேமராக்கள் ஒரே சானலில் ஓயாமல் பேசக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதிச் சானல்கள் ராடார்களோடு பகிரப்படுபவை. ராடார் துடிப்பைக் கேட்டால் ஆக்சஸ் பாயின்ட் அந்தச் சானலை விட்டு விலகியே ஆக வேண்டும். புதிய சானலும் அந்த வகை எனில் பொதுவாக ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே பேசத் தொடங்கலாம். அந்தச் சானல்களைச் சேர்ப்பதா என்பதைச் சில நாட்கள் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை அங்கே இயக்கி, பதிவேட்டைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

நேரமும் பொருட்படுத்த வேண்டியது. அலுவலகத்தின் நெருக்கடி பகலில். விடுதியின் நெருக்கடி இரவு உணவுக்குப் பின். இரண்டும் ஒட்டி நிற்கும் தெருவில் பகல் அளவு மட்டும் எடுத்தால் பாதி உண்மையே கிடைக்கும்.

நான்காம் கட்டம்: வைத்துப் பார்த்தல்

அடுத்து, நிறுவவிருக்கும் அதே வகை ஆக்சஸ் பாயின்ட்டை உயரமான தாங்கியில் ஏற்றி, கூரையில் அது அமரவிருக்கும் உயரத்தில், தீர்மானித்த திறனில், பேட்டரியால் இயக்கிச் சுற்றிலும் அளவெடுக்க வேண்டும். முன்கணிப்பு சரியா என்பதை மெய்ப்பிப்பது இதுதான். ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆக்சஸ் பாயின்ட் மட்டுமல்லாமல் இரண்டாவதும் போதிய வலுவுடன் கேட்க வேண்டும். அப்போதுதான் நடந்தபடி பேசுபவரின் அழைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் மாறும். அதேவேளை ஒரே சானலில் உள்ள இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஒன்றையொன்று பலமாகக் கேட்கக் கூடாது.

வலையமைப்போடு இணைந்து தரவு அனுப்பிப் பார்ப்பது செயல்முறை ஆய்வு. ஐபெர்ஃப் போன்ற கருவியால் உள் வலையமைப்பிலேயே வேகம், தாமதம், இழந்த பொட்டலங்கள் ஆகியவற்றை அளக்கலாம். இணைய வேகச் சோதனைத் தளங்களை நம்பினால், வெளி இணைப்பின் குறையும் வைஃபையின் குறையும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும்.

இடத்துக்கேற்ற கவனங்கள்

ஆலைக் கொட்டகையில் உயரமான தகரக் கூரையும் இயந்திரங்களும் அலையைப் பலமுறை எதிரொலிக்கும். கூரையின் உச்சியில் பொதுவகை ஆன்டெனாவைத் தொங்கவிட்டால் சிக்னல் பரவி எங்கும் சிதறும். கீழ்நோக்கிக் குவிக்கும் ஆன்டெனா அங்கே பயன் தரும். மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடும் எம்ஆர்ஐ அறையின் உலோகக் கூண்டும் அலையை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கும். அவற்றுக்கு வெளியே இருந்து உள்ளே எட்டவைக்க முயல்வது வீண். நோயாளியைக் கண்காணிக்கும் கருவிகளின் அலைவரிசைகளை மருத்துவமனையின் உயிர்மருத்துவப் பொறியாளர்களிடம் கேட்டறிந்த பிறகே சானல் திட்டம் வகுக்க வேண்டும். வகுப்பறையில் தூரம் சிக்கலே இல்லை. அறுபது மாணவர்களும் ஒரே நிமிடத்தில் தேர்வுத்தாளைத் திறப்பதுதான் சிக்கல். விடுதியில் நடைபாதையில் வரிசையாக வைக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஒன்றையொன்று தெளிவாகக் கேட்கும். அறைக்குள் இருப்பவருக்கோ கதவும் சுவரும் கடந்த மிச்சமே கிடைக்கும். அறைகளுக்கு உள்ளே, ஒன்றுவிட்டு ஒன்றாக, குறைந்த திறனில் வைப்பது நல்லது.

வெளிப்புறத்தில் மரங்கள் இன்னொரு காரணி. இலைகள் அடர்ந்த பருவமும் மழையில் நனைந்த நிலையும் இழப்பைக் கூட்டும். 2014 ஜனவரியில் எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலை முதலிய இடங்களில் ‘நம்ம வைஃபை’ தொடங்கியபோது, பெங்களூருவின் தெருக்களே வலையமைப்பின் களமாயின. தெருவில் பயனர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, சுற்றியுள்ள கடைகளின் ஒலிபரப்புக்கும் கட்டுப்பாடில்லை என்பதால் அலைநேரக் கணக்கு அங்கே இன்னும் கறாராக வேண்டும்.

இரண்டு கட்டடங்களை நேர்கோட்டில் இணைக்கும்போது பார்வைக்கோடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி ஃப்ரெனல் மண்டலம் எனப்படும் நீள்வட்ட வெளியில் குறைந்தது 60 விழுக்காடு தடையின்றி இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 17.7 மீட்டர். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் மையங்களோடு இணைத்த வலையமைப்பு இதற்குத் தமிழகத்தின் சிறந்த எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்குழுவோடு சேர்ந்து அமைத்த அதில் 1 முதல் 15 கிலோமீட்டர் வரையிலான வைஃபை இணைப்புகள் இருந்தன. ஊரில் இருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் காணொளியில் பார்க்க அவை உதவின. நிலையற்ற மின்சாரமும் மின்னழுத்தத் தாவல்களும் அங்கே கருவிகளைப் பழுதாக்கின. மின்சாரத்தின் தரத்தையும் களத்திலேயே அளக்க வேண்டும் என்பதை அந்த அனுபவம் நிறுவியது.

கம்பியின் பக்கம்

கம்பியில்லா வலையமைப்பு முடிவது கம்பியில்தான். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்தும் சுவிட்ச் வரை கேபிள் 100 மீட்டருக்குள் அமைய வேண்டும். நேர்த்தூரத்தை விடுத்து, கேபிள் வளைந்து செல்லும் பாதையின் நீளத்தை அளக்க வேண்டும். கேபிள் வழியே மின்சாரம் தரும் சுவிட்ச் போர்ட், தரத்தைப் பொறுத்து 15.4, 30, 60 அல்லது 90 வாட் தரும். புதிய ஆக்சஸ் பாயின்ட்டைப் பழைய சுவிட்சில் செருகினால் அதன் ரேடியோக்களில் ஒன்று அணைந்தே இருக்கலாம். யுபிஎஸ், எர்த்திங், வெளிப்புறக் கருவிக்கு இடிதாங்கி, துளையிட உரிமையாளரின் அனுமதி ஆகியவையும் ஆய்வுப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அறிக்கையும் சரிபார்ப்பும்

ஆய்வின் விளைவு ஓர் அறிக்கை. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டின் இடம், உயரம், ஆன்டெனாவின் திசை, சானல், திறன் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, அந்த இடத்தின் ஒளிப்படமும் சேர்க்கப்பட வேண்டும். சிக்னல் வலு, இரைச்சலுடனான இடைவெளி, ஒவ்வொரு சானலிலும் மிஞ்சிய அலைநேரம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரைபடங்கள் வேண்டும். வண்ணம் தீட்டிய சிக்னல் படம் ஒன்றை மட்டும் கொண்ட அறிக்கை முதல் கேள்விக்கு விடை சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறது. அளந்த நாள், நேரம், கருவி, எந்தக் கைபேசியை அளவுகோலாகக் கொண்டது என்பவையும் எழுதப்பட்டால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

நிறுவிய பிறகு அதே பாதையில் மீண்டும் நடந்து, அறிக்கையில் சொன்னது கிடைத்திருக்கிறதா என்று சரிபார்ப்பது ஆய்வின் இறுதிக் கட்டம். ஆட்கள் நிறைந்த வேலை நாளில் இதைச் செய்ய வேண்டும். கட்டடத்தில் தடுப்புகள் மாறும்போதும், பக்கத்தில் புதிய கட்டடம் எழும்போதும், பயனர் எண்ணிக்கை கணிசமாக உயரும்போதும், புதிய அலைவரிசை அனுமதிக்கப்படும்போதும் ஆய்வைத் திரும்ப நடத்த வேண்டும். முதல் ஆய்வின் பதிவுகள் ஒழுங்காக இருந்தால் அடுத்த ஆய்வு மாறிய இடங்களை மட்டும் அளந்து முடிந்துவிடும்.